சாக்குக்கு அடியில் நீலச் சட்டை

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டு இல்லாமல் அவனுக்குப் பொழுது போகாது. போன தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் அறைக்கு வந்து, “சித்தி, என் ஆளுக்கு வேட்டி சட்டை வேணும். தேடிப் பார்த்துட்டேன், நல்லதா ஒண்ணும் இல்ல” என்றான். ஆள் என்று அவன் சொன்னது, திரையில் அவனுக்காக ஓடிக் குதிக்கிற அந்தக் கட்டைப் பொம்மையை.

சரி, வரைந்து தருகிறேன் என்றேன். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா பேனர், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நற்சான்றிதழ், கருமாதி அறிவிப்பு எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன. காலையிலிருந்து மாலை வரை கணினியில் படத்தை அடுக்கடுக்காக வரையும் லேயர்களோடு இருப்பவளுக்கு ஒரு பொம்மைச் சட்டை வரைவது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அந்தச் சட்டையில் தொடங்கிய வேலை எட்டு மாதம் நீண்டு, பாட்டியின் சாக்கில் போய் நின்றது. அதைத்தான் எழுதுகிறேன்.

ரோப்லாக்ஸில் பழைய முறைச் சட்டை என்பது ஒரே ஒரு படம். அகலம் 585 பிக்சல், உயரம் 559 பிக்சல். ஒரு கேக் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும் அந்த டெம்பிளேட். மார்புக்கு 128க்கு 128 சதுரம், முதுகுக்கு அதே அளவு, விலாப்பக்கங்கள் 64க்கு 128. தோளுக்கு மேலே ஒரு பட்டை, அடியில் ஒரு பட்டை. கைகளும் இப்படியே சின்னச் சின்னப் பெட்டிகள். நீங்கள் தட்டையாக வரைந்து கொடுப்பதை அது மடித்து உடம்பில் சுற்றிக்கொள்ளும். எங்கே வரையாமல் விடுகிறீர்களோ அங்கே பொம்மையின் தோல் தெரியும். கால்சட்டைக்கு இதே அளவில் இன்னொரு படம்.

தையல் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். துணியைத் தரையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டுவதுபோலத்தான். கோடு எங்கே எதோடு சேரும் என்று மனத்துக்குள் மடித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதில்தான் நான் முதலில் சறுக்கினேன்.

வேட்டி சட்டை ஒரே இரவில் முடிந்தது. அண்ணனுக்குக் கிடைத்ததும் தங்கச்சிக்காரி பாவாடை தாவணி கேட்டாள். மயில் பச்சைப் பாவாடை, அரக்குத் தாவணி, அரை அங்குல ஜரிகை. தாவணி முன்னால் குறுக்கே ஏறி, இடது தோளைத் தாண்டி, முதுகில் இறங்க வேண்டும். முன்பக்கச் சதுரத்தில் வலது ஓரத்தில் ஏற்றினேன். பொம்மை நம்மைப் பார்த்து நிற்பதால் அதன் இடது தோள் நமக்கு வலப்பக்கம். அது சரி. முதுகுச் சதுரத்திலும் அதே வலது ஓரத்தில் இறக்கினேன். அங்கேதான் தப்பு. முதுகைப் பார்க்கும்போது இடது தோள் நமக்கும் இடப்பக்கம்தானே? பொம்மைக்குப் போட்டுப் பார்த்தால், தாவணி இடது தோளில் ஏறி மாயமாகி, வலது தோளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

திருத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. தாவணி தனி லேயர், அதன் ஜரிகை தனி, அதன் மடிப்பு நிழல் தனி. மூன்றையும் ஒரு குழுவுக்குள் வைத்திருந்தேன். முதுகுப்பக்கக் குழுவை மட்டும் தேர்ந்தெடுத்து இடவலமாகத் திருப்பினேன். அடியிலிருந்த ரவிக்கை அசையவில்லை. அதன் கழுத்து வெட்டும் முதுகுக் கயிறும் வைத்த இடத்திலேயே இருந்தன.

லேயர் என்பதைக் கேள்விப்படாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை மட்டும் வரைவதுபோல. மேலிருந்து பார்த்தால் ஒரே படம். ஒரு தாளை உருவினால் மற்றவை அப்படியே இருக்கும். போட்டோஷாப் 1990-ல் வந்தபோது அதில் இது கிடையாது. 1994-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துவிட்டால் அடியிலிருந்தது போனது போனதுதான். இப்போது கைப்பேசியில் வரைகிற பிள்ளைகள்கூட லேயர் இல்லாமல் வரைவதில்லை. வீட்டில் நான் பயன்படுத்துவது கிரிட்டா. இலவசம், கட்டற்ற மென்பொருள். ஸ்வீடிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சாக்கட்டி என்று பொருளாம். தைக்கிற வேலைக்குப் பொருத்தமான பெயர் என்று எனக்குப் பிடித்துப்போனது.

லேயர்களைக் கலைக்காமல் வைத்திருப்பதில் நான் பிடிவாதக்காரி. அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு வேறோர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். அங்கே வேலை முடிந்ததும் எல்லா லேயரையும் ஒன்றாக நசுக்கி ஒரு ஜேபெக் படமாக்கி வைத்துக்கொண்டு, மூலக் கோப்பை அழித்துவிடுவார்கள். இடம் மிச்சமாம். என் அப்பா இறந்தபோது, கருமாதி அட்டைக்காக அவர் படத்தை நான்தான் வெட்டி எடுத்தேன். பழைய குடும்பப் படம் அது. பின்னாலிருந்த கூட்டத்தை நீக்கி, முடி ஓரத்தை ஒவ்வொரு இழையாகச் சுத்தம் செய்து, முகத்தை மட்டும் ஒரு தனி லேயரில் எடுத்து வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்துத் திதிக்குக் கேட்டபோது, பூமாலைக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒட்டிப்போன முகம்தான் இருந்தது. தோளுக்குக் கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்து அவர் சட்டைமேல் ஏறிக் கிடந்தது. மூலப் படத்தையும் அதற்குள் கரையான் தின்றுவிட்டது. அன்றிலிருந்து என் கோப்பு எதையும் நான் நசுக்குவதில்லை. ஏற்றுவதற்கு ஒரு பிரதியை மட்டும் தட்டையாக்கிக்கொள்வேன். மூலம் அடுக்கடுக்காகவே இருக்கும்.

இப்போது பாட்டிக்கு வருகிறேன்.

பிள்ளைகள் இரண்டும் தீபாவளியன்று கைப்பேசியில் தங்கள் ஆட்களை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, “எனக்கும் ஒண்ணு செய்யேன்மா” என்றார்.

“என்ன பாட்டி வேணும்? பட்டுச் சேலையா?”

“பட்டு யாரு கேட்டா. நான் பால் வெட்டப் போற மாதிரி செய்யி.”

பாட்டிக்கு இப்போது 78 வயது. ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினாலு வயதில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கத் தொடங்கியவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, நாங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, மாதிரிக்கு ஒரு படம் தேடினேன். வீட்டில் ஒன்றுகூட இல்லை. இருக்கிற ஆல்பத்தில் பாட்டி கல்யாணச் சேலையில் இருக்கிறார், திருவிழாச் சேலையில் இருக்கிறார், அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் கழுத்துவரை இருக்கிறார். வேலை உடுப்பில் யார் படம் எடுத்தார்கள்? கேமரா வந்த நாள் என்றாலே குளித்து, பூ வைத்து, நல்லதை உடுத்திய நாள்தான்.

சுங்கை சிப்புட் என்றால் வரலாறு படித்தவர்களுக்கு 1948 ஜூன் 16 நினைவுக்கு வரும். அன்று இங்கே மூன்று தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலேசிய இந்தியர் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் ஊர் என்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960-ல் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்வார்கள். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதற்குப் பலகை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மரத்துக்குப் பலகை இருக்கிறது. பால் வெட்டப் போனவள் என்ன உடுத்திப் போனாள் என்பதற்கு என் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. அது எனக்கு உறுத்தியது. அதனால் பாட்டியையே கேட்டு வரைவது என்று முடிவு செய்தேன்.

கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த உடுப்பே லேயர்தான் என்று. பாட்டி சொன்ன வரிசையை அப்படியே கிரிட்டாவில் கீழிருந்து மேலாகப் போட்டேன். விடிகாலை நாலரைக்கு எழுந்து முதலில் போடுவது பழைய ரவிக்கை. இடுப்புக்குக் கீழே கைலி. அதற்கு மேலே தாத்தாவின் முழுக்கைச் சட்டை, பொத்தான் கழுத்துவரை போட்டது. கொசுவுக்கும் அட்டைக்கும் அதுதான் காவல். அதற்கு மேலே இடுப்பில் ஒரு சாக்கு, முன்பக்கம் மட்டும் மறைக்கிறாற்போல் கயிறு கோத்துக் கட்டியது. தலையில் துண்டு, அதன்மேல் தலைவிளக்கு. லேயர்களுக்கு நான் தமிழிலேயே பெயர் வைத்தேன்: ரவிக்கை, கைலி, தாத்தா சட்டை, சாக்கு, கயிறு. கிரிட்டா தமிழ்ப் பெயரைத் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. ‘லேயர் 14 பிரதி 2’ என்று விட்டுவிட்டால் ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போது எது எதுவென்று நமக்கே புரியாது.

“ரவிக்கை வெளிய தெரியாதே பாட்டி, அத வரையணுமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தெரியலன்னா போடாமயா போனேன்?” என்றார்.

வரைந்தேன். கழுத்தோரம் இரண்டு பிக்சல் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் அது இருப்பதால் சட்டையின் கழுத்து சும்மா தோலில் வரைந்த கோடாகத் தெரியாமல், உள்ளே இன்னொரு துணி இருக்கிற சட்டையாகத் தெரிகிறது.

கைலியில் ஒரு வாரம் போனது. பாட்டி சொன்னது கட்டம் போட்ட கைலி, சிவப்பும் கறுப்பும், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. நான் டெம்பிளேட்டை நாலு மடங்கு பெரிதாக்கி, 2340க்கு 2236 பிக்சலில் வரைந்து, கடைசியில் சுருக்கி ஏற்றுகிற பழக்கமுள்ளவள். பெரிதாக வரைந்தால் கைக்கு இலகு. என் மடிக்கணினி பழசு. இந்த அளவில் முழுக்க நிறைந்த ஒரு லேயர் 21 மெகாபைட்வரை நினைவகத்தைப் பிடிக்கும், நாற்பது லேயர் தாண்டினால் விசிறி கத்தும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுருக்கியபோது கட்டம் எல்லாம் குழம்பிச் சேறாகிப் போனது. வெள்ளைக் கோடு சில இடத்தில் இருந்தது, சில இடத்தில் சாம்பல் பூத்தது.

யோசித்துப் பார்த்தால் காரணம் சுலபம். மூன்று பிக்சல் அகலக் கோட்டை நாலில் ஒரு பங்காகச் சுருக்கினால் அது முக்கால் பிக்சல். முக்கால் பிக்சல் என்று உலகில் ஒன்று கிடையாது. அதனால் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடுகிறது. நாலு அல்லது எட்டு பிக்சலில் போட்டு, அதுவும் நாலால் வகுபடும் இடத்தில் தொடங்கினால், சுருக்கியபின் ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் என்று சுத்தமாக வந்து உட்காரும். கட்டத்தைத் தனி லேயரில் வைத்திருந்ததால் அதை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கோடு இழுத்தேன். அடிச்சிவப்பு, மடிப்பு, நிழல் எதையும் தொடவில்லை. பேனர் வேலையில் எனக்கு இந்தப் பாடம் வாய்த்ததே இல்லை. அங்கே பத்தடிக்குப் பெரிதாக்குவோம், இங்கே விரல் நகத்தளவுக்குச் சுருக்குகிறோம்.

கைலியின் இன்னொரு சிக்கல் கால். கட்டைப் பொம்மைக்கு இரண்டு தனித்தனிக் கால். ஒரு காலின் முன்பக்கம் 64 பிக்சல், இரண்டும் சேர்ந்தால் மார்பின் 128-க்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் நடக்கும்போது கைலி இரண்டாகப் பிளந்து கால்சட்டை ஆகிவிடும். இதை முழுசாகத் தீர்க்க வழியில்லை. கால்களின் உள்பக்கங்களையும் அதே கைலி நிறத்தில் நிரப்பி, அதன்மேல் நன்றாக இருட்டடித்துவிட்டால், கால் விலகும்போது தெரிகிற இடைவெளி துணியின் ஆழமான மடிப்புபோல ஏமாற்றும். சாக்கும் அப்படித்தான். மேல்பாதி சட்டைப் படத்திலும் கீழ்ப்பாதி கால்சட்டைப் படத்திலுமாக இரண்டு கோப்பில் கிடக்கிறது. இடுப்பில் இரண்டும் ஒரு பிக்சல் பிசகாமல் சேர வேண்டும்.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. இந்தப் பொம்மைக்கு உண்மையான மடிப்பு கிடையாது. துணி சுருங்குவதுபோல் தெரிய வேண்டுமென்றால் நாம்தான் வரைய வேண்டும். நிழலைத் துணி லேயரில் நேராக வரையாமல், மேலே ஒரு தனி லேயரில் போட்டு அதன் கலப்பு முறையை மல்டிப்ளை என்று மாற்றிவிடுவேன். அது என்ன செய்கிறது என்றால் பெருக்குகிறது, அவ்வளவுதான். நிறத்தின் ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரை. சட்டையின் நீல அளவு 180, நிழலில் அதே அளவு 170 என்றால், 180-ஐ 170-ஆல் பெருக்கி 255-ஆல் வகுக்க 120. துணி தன் நிறத்தை விடாமலேயே இருளும். வெள்ளை பட்ட இடம் மாறாது. இதனால் என்ன வசதி? தாத்தா சட்டை நீலமா சாம்பலா என்று பாட்டி மூன்று முறை மாற்றிச் சொன்னார். மூன்று முறையும் அடி நிறத்தை மட்டும் மாற்றினேன். நிழல் ஒவ்வொரு தடவையும் புது நிறத்துக்குத் தகுந்தபடி தானே விழுந்தது.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம் என்று புதிதாக வரைகிறவர்களுக்கு நான் கெஞ்சியே கேட்டுக்கொள்வேன். கறுப்பு மஞ்சளை அழுக்குப் பச்சையாக்கும், சிவப்பைக் காய்ந்த ரத்தமாக்கும். நான் ஊதா கலந்த பழுப்பு வைக்கிறேன். பால்மரக் காட்டுக்குள் விடியும்முன் இருக்கிற இருட்டு கறுப்பு இல்லை என்று பாட்டியும் சொன்னார். அது வேறு விஷயம்தான், ஆனாலும் எனக்கு அது உதவியது.

அடுத்தது கறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரப்பர் பால் வெள்ளை. துணியில் பட்டுக் காய்ந்தால் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கறுத்துத் தோல்போல ஒட்டிக்கொள்ளும். துவைத்தால் போகாது. பால் உடுப்பை வீட்டுக்குள்ளே வைக்க மாட்டார்கள், அந்த வாடைக்குத் தனியாக வெளியே கொடியில் தொங்கும். இதெல்லாம் சின்ன வயதில் நானே பார்த்தது. அதனால் மற்ற எல்லாவற்றையும் பாட்டியிடம் கேட்டவள், கறையைக் கேட்காமலே வரைந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ‘பால் கறை’ என்று ஒரே லேயர். அதில் சட்டையிலும் சாக்கிலும் கைலியிலும் திட்டுத் திட்டாகத் தெளித்தேன். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது.

பாட்டிக்கு மடிக்கணினியில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். சாக்கு எப்படிக் கட்டியிருக்கிறேன் என்று தெரிய வேண்டும் என்றார். சாக்கு லேயருக்குப் பக்கத்திலிருக்கும் கண் அடையாளத்தைத் தட்டி அதை மறைத்தேன், கயிறு மட்டும் தெரியட்டும் என்று. சாக்கு மறைந்தது. சாக்கின் மேல் இருந்த கறை மறையவில்லை. அது அப்படியே சட்டையின் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது.

“அங்க எப்படிம்மா கறை வரும்?” என்றார் பாட்டி. “அதுக்குத்தானே சாக்கு.”

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. எவ்வளவு எளிய விஷயம். பாட்டி விரலை நீட்டி ஒவ்வோர் இடமாகச் சொல்லத் தொடங்கினார். தோளில் காவடிபோல் சுமக்கும் காண்டா வாளி இரண்டு பக்கமும் தொங்கும், நடக்கிறபோது தொடையில் இடிக்கும், அங்கே கைலியில் கறை உண்டு, அதுவும் வெளிப்பக்கம். மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றி விரலால் வழிக்கிறபோது முன்னால் தெறிக்கும், அது சாக்குக்கு. மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் பிய்த்துச் சாக்கிலே துடைக்கிறது, அதனால் சாக்கின் வலதுபக்கம் கறுத்துத் தடித்திருக்கும். சட்டையில் என்றால் வலது கை மணிக்கட்டு, அப்புறம் வேர்வையைத் துடைக்கிற இடது தோள். முதுகில் ஒரு சொட்டுக்கூட இருக்காது. முதுகில் இருப்பது உப்புப் பூத்த வேர்வைதான்.

அந்தக் கறை லேயரைத் தூக்கி எறிந்தேன். ஒவ்வோர் உடுப்புக்கும் ஒரு குழு போட்டு, அந்தந்தக் குழுவுக்குள்ளே அதற்குரிய கறையை வைத்தேன். கிரிட்டாவில் ‘இன்ஹெரிட் ஆல்ஃபா’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால், குழுவுக்குள் அடியில் துணி எவ்வளவு தூரம் இருக்கிறதோ அதற்குள் மட்டும்தான் நிறம் பிடிக்கும், ஓரத்தைத் தாண்டிச் சிந்தாது. இப்போது சாக்கின் கறை சாக்கோடு பிறந்து சாக்கோடு போகிறது. சட்டையின் கறை சட்டைக்கு.

இன்னொன்றையும் செய்தேன். சட்டை முழுக்க வெயிலில் வெளுத்ததுபோல ஒரு லேயர் போட்டிருந்தேன். சாக்கு மறைக்கிற இடத்தில் வெயில் படாதே. அதனால் வெளுப்பு லேயருக்கு ஒரு மாஸ்க், அதாவது மறைப்பு போட்டு, வயிற்றுப் பக்கம் மட்டும் அழித்துவிட்டேன். இப்போது சாக்கை மறைத்தால் அடியில் சட்டை புதுசாக, வாங்கிய நாளின் நீலத்தோடு இருக்கிறது. விளையாடுகிற பிள்ளை யாருக்கும் அது தெரியப்போவதில்லை. ஏற்றுகிற தட்டையான படத்தில் அந்த நீலம் சாக்குக்கு அடியில் போய்விடும். மூலக் கோப்பில் இருக்கிறது. மறைத்துக் காட்டியபோது பாட்டி அந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்தார். திரையில் விரல் ரேகை விழுந்தது. “இந்தக் கலர்தான்” என்றார். மூன்று முறை மாற்றிச் சொன்னவர் அதற்குப்பின் மாற்றவில்லை.

தலைத் துண்டை என்னால் வரைய முடியவில்லை. பழைய முறைச் சட்டைப் படம் கழுத்தோடு நின்றுவிடுகிறது, தலை அதில் கிடையாது. துண்டு வேண்டுமென்றால் முப்பரிமாணத்தில் தனியாகச் செய்ய வேண்டும். 2022-லிருந்து ரோப்லாக்ஸில் அடுக்காடை வந்திருக்கிறது. துணியையே முப்பரிமாணமாகச் செய்து, எந்த உடம்புக்கும் பொருந்துகிறாற்போல் ஒன்றன்மேல் ஒன்று உடுத்தலாம். ஒவ்வோர் உடுப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கூடு இருக்கும். உள்கூடு உடம்பில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும். வெளிக்கூடு தனக்கு மேலே வருகிற உடுப்பு எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும். ரவிக்கைக்கு மேலே சட்டை, சட்டைக்கு மேலே சாக்கு என்று பாட்டி சொன்ன அதே வரிசையில் நிஜமாகவே உடுத்திவிடலாம். அதற்காக பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். துண்டின் முடிச்சே இன்னும் பிடிபடவில்லை. பாட்டி தினமும் ஒரு தடவை கேட்கிறார், “தலையில துண்டு இல்லாம எப்படி நெரைக்குப் போறது?” என்று. நெரை என்பது பால் வெட்டப் போகும் மர வரிசை.

இருக்கிறதை வைத்து ஏற்றினேன். அப்போது ஒரு படத்துக்குக் கட்டணம் 10 ரோபக்ஸ், அது ரோப்லாக்ஸின் சொந்தக் காசு. சட்டைக்கும் கால்சட்டைக்குமாக அக்கா மகன் தன் கணக்கிலிருந்து இருபது கொடுத்தான். அவனுடைய ஆளுக்கே முதலில் போட்டுப் பார்த்தான். தீபாவளிக்குக் கேட்ட வேட்டியைக் கழற்றிவிட்டு, கொள்ளுப்பாட்டியின் கைலியும் சாக்கும் கட்டிக்கொண்டு அந்தக் கட்டைப் பொம்மை யாரோ கட்டிய ஒரு நகரத்தின் தெருவில் ஓடியது. பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“நிக்கச் சொல்லு” என்றார். நிறுத்தினான். “கிட்ட வரச் சொல்லு.” பெரிதாக்கினான்.

மார்புச் சதுரத்தில் பொத்தான்கள் ஐந்து. ஒவ்வொன்றும் மூன்று பிக்சல். ஆண்கள் சட்டை என்பதால் சரியான பக்கத்தில்தான் வைத்திருந்தேன், எல்லாம் வெள்ளை. பாட்டி மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து மூன்றாவதில் விரலை வைத்தார்.

“இது பச்சை. வெள்ளை அறுந்துபோச்சு. உங்கம்மா பள்ளிக்கூடச் சட்டையிலேர்ந்து எடுத்து நான்தான் வச்சேன்.”

அன்றிரவு கோப்பைத் திறந்தேன். ‘தாத்தா சட்டை’ குழுவுக்குள், பொத்தான் லேயருக்கு மேலே புதிதாக ஒன்று சேர்த்து, ‘அம்மா பொத்தான்’ என்று பெயர் வைத்தேன். பெரிய அளவில் பன்னிரண்டு பிக்சல் அகலத்துக்கு ஒரு வட்டம். எந்தப் பச்சை என்று கேட்க மறந்திருந்தேன். எட்டிப் பார்த்தால் பாட்டி தூங்கிவிட்டார். ஏதோ ஒரு பச்சையை இப்போதைக்கு வைத்து, நிழலைத் தனியாகப் போட்டு, காலையில் கேட்டு மாற்றலாம் என்று சேமித்துவிட்டுப் படுத்தேன்.